ஆஸ்திரேலியாக்காரர் கேட்ட போணி

காலை ஐந்தரை மணி இருக்கும். டிரையர் தட்டுகளைத் திருப்பி வைக்கலாம் என்று காபித் தம்ளரோடு மாடிக்கு ஏறினேன். எனக்கு முன்னால் என் நாத்தனார் தேவகி அங்கே நின்றுகொண்டிருந்தாள். கடை ஃபோனை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள்.

“அண்ணி, ஆஸ்திரேலியாக் கொடி போட்டு வந்துக்கிது. படிச்சி சொல்லு. இன்னிக்கி மொதோ மெசேஜு இதான்.”

தேவகிக்கு இங்கிலீஷ் படிக்க வராது. நான் படித்தேன். சிட்னியில் பெரிய மொத்த வியாபாரி ஒருவர். இரண்டு மாதமாக எங்களிடம் சாம்பிள் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர். இந்த சீசனில் நாங்கள் போட்ட தாண்ட்ரா, அதாவது காய்ந்த மாம்பழச் சாற்றுப் பாளம், மொத்தமும் வேண்டுமாம். பிடித்துப்போனால் அடுத்த சீசனும் அவருக்கேயாம். படிக்கப் படிக்க எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கடைசியில் விலை எழுதியிருந்தார். எங்கள் விலையில் சரி பாதி. அதற்குக் கீழே ஒரு வரி: “உங்கள் ஊர் நேரப்படி அதிகாலையில்தான் எழுதுகிறேன். இன்றைக்கு முதல் ஆள் நான்தானே?” பக்கத்தில் ஒரு மஞ்சள் மூஞ்சி சிரித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடியாது என்று அங்கேயே அடிக்கப் போனேன். தேவகி ஃபோனைப் பிடுங்கிப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

“வத்து அண்ணி, வத்து! போணிய வேணான்னு சொல்லாத!”

பயம் வந்தால் அவளுக்குத் தமிழை முந்திக்கொண்டு தெலுங்கு வந்துவிடும். வத்து என்றால் வேண்டாம்.

சரி என்று சொன்னால், எங்களிடம் வேலை செய்யும் எட்டுப் பெண்களுக்கு அடுத்த மாதம் கூலி தர முடியாது, கடையை மூட வேண்டியதுதான். முடியாது என்றால், இரண்டு வருஷமாக நாங்கள் தவம் கிடந்து கிடைத்த ஆள் போய்விடுவார். தேவகிக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதைச் சொல்ல நான் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும்.

இரண்டு பேர், ஒரு சமையலறை

நான் சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் ஏற்றுமதிக் காகிதம் தட்டிக்கொண்டிருந்தவள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், எந்தத் துறைமுகம், எத்தனை டிரம். உலகத்துத் துறைமுகங்கள் பாதிக்கு எனக்கு ஸ்பெல்லிங் தெரியும். கடலை மட்டும் மெரினாவில் இரண்டு தரம் பார்த்ததோடு சரி.

ஃபேக்டரி கை மாறியது. என் வேலையைச் செய்ய ஒரு சாஃப்ட்வேர் வந்தது. வீட்டுக்குப் போங்கள் என்றார்கள், போனேன்.

நான் வீட்டுக்கு வந்த அதே கோடையில் தேவகியும் வந்தாள். திருப்பதியில் வளையல் கடை வைத்திருந்தவள், கடையைக் காலி செய்துவிட்டு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாள். அண்ணன் என்றால் என் வீட்டுக்காரர். அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். வீட்டில் இரண்டு பொம்பளைகள் முறைத்துக்கொண்டிருந்தால் அவருக்கு மட்டும் எப்படித்தான் வெளியே அவசர வேலை வருமோ தெரியாது.

வேலை இல்லாத இரண்டு பேர் ஒரே சமையலறையில் இருந்தால், ஒன்று சண்டை வரும், இல்லாவிட்டால் வியாபாரம் வரும். எங்களுக்கு முதலில் சண்டைதான் வந்தது. ரசத்துக்குப் புளி எவ்வளவு என்பதில் ஆரம்பித்துப் பன்னிரண்டு நாள் பேசாமல் இருந்தோம்.

பதின்மூன்றாம் நாள் நகரியிலிருந்து என் நைனா வந்தார். தோப்பில் காய்த்த பெங்களூரா மாம்பழத்துக்கு மண்டியில் விலை கேட்க ஆளில்லை என்று, ஒரு டிராக்டர் பழத்தை எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். அழுகவிட முடியுமா? இரண்டு பேரும் பேசாமலே உட்கார்ந்து பிழிய ஆரம்பித்தோம். சாறு பிழிந்து, வெல்லம் சேர்த்து, தட்டில் மெல்லிசாக ஊற்றி, காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு பூச்சு, அதன்மேல் இன்னொன்று. பத்துப் பன்னிரண்டு பூச்சு ஏறினால் தாண்ட்ரா. நான்காம் பூச்சில் பேச ஆரம்பித்துவிட்டோம்.

செருப்புத் தோல்

காகிதம் எனக்குத் தெரியும், விற்கத் தேவகிக்குத் தெரியும். லைசென்ஸ் வாங்கினோம். பாயில் காய வைத்தால் வெளிநாட்டில் வாங்க மாட்டார்கள் என்று சோலார் டிரையர் வைத்தோம். தலைக்கு வலைத் தொப்பி, கைக்கு உறை. வெளிநாட்டு விற்பனைத் தளம் ஒன்றில் கடை திறந்தோம்.

திறந்த பிறகுதான் அந்தச் சந்தையின் லட்சணம் தெரிந்தது. தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் மாம்பழத் துண்டுகள் பொன் நிறத்தில் பளபளவென்று வரிசை கட்டி நின்றன. விலையோ எங்கள் வயிற்றில் அடிக்கிற விலை. அவற்றுக்கு நடுவே எங்கள் தாண்ட்ரா வெல்லக் கட்டி நிறத்தில் உட்கார்ந்திருந்தது. முதல் மாதம் வந்த ஒரே விமரிசனத்துக்கு ஒரு நட்சத்திரம். “செருப்புத் தோல் மாதிரி இருக்கிறது” என்று எழுதியிருந்தான் ஒருத்தன்.

நான் அன்று முழுக்க அழுதேன். தேவகி கேட்டாள்:

“அவன் செருப்ப துன்னு பாத்துக்கிறானா அண்ணி? பின்ன எப்டி தெரியும் அவனுக்கு?”

அதையே கொஞ்சம் மரியாதையான இங்கிலீஷில் பதிலாகப் போட்டேன். அந்தப் பதிலைப் படித்துவிட்டு ஏழு பேர் வாங்கினார்கள்.

விளக்கு ஏற்றிய பிறகு

போணியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு முதலில் வருகிற ஆளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. தமிழிலும் தெலுங்கிலும் ஒரே சொல், ஒரே நம்பிக்கை. திருப்பதிக் கடைத்தெருவில் காலையில் போய்ப் பாருங்கள். முதல் ஆள் பாதி விலைக்குக் கேட்டாலும் கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுப்பார். வாங்கின காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

கடைத்தெருவில் அது சரி. அங்கே ஷட்டரைத் தூக்குகிற நேரம் என்று ஒன்று உண்டு. இணையத்தில் கடைக்கு ஏது ஷட்டர்? இங்கே ராத்திரி என்றால் ஏதோ ஒரு நாட்டில் மத்தியானம். எது முதல் வியாபாரம், எது கடைசி?

தேவகி அதற்கு ஒரு சட்டம் போட்டாள். விடிகாலையில் சாமி விளக்கு ஏற்றிய பிறகு முதலில் என்ன வருகிறதோ அதுதான் போணி. அதற்கு முன் வந்ததெல்லாம் நேற்றைய கணக்கு.

நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் குறைந்த விலையில் போனால் என்ன, போகட்டும் என்று விட்டேன். தப்பு அங்கேதான்.

ஹென்றி கண்டுபிடித்தது

மெல்போர்ன் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் உலர்பழக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஹென்றி. ஆறு பாக்கெட்டுக்கு அடிமாட்டு விலை கேட்டு ஒரு நாள் எழுதினார். விளக்கு ஏற்றிய நேரம். கொடுத்தோம். அடுத்த வாரம் மத்தியானம் அதே விலை கேட்டார். முடியாது என்று எழுதினேன். மறுபடி ஒரு காலையில் கேட்டார், கொடுத்தோம்.

மனிதர் ரிட்டயர் ஆன இன்ஜினீயராம். சும்மா இருப்பாரா? எந்த மணிக்குக் கேட்டால் சரி என்கிறார்கள், எந்த மணிக்குக் கேட்டால் முறைக்கிறார்கள் என்று குறித்து வைத்திருக்கிறார். இரண்டு மாதம் கழித்து எங்களுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்து ஒரு விமரிசனம் எழுதினார். அதன் சாரம் இது: சரக்கு அருமை, ஆட்கள் தங்கம். அவர்கள் ஊரில் பொழுது விடிந்ததும் முதல் ஆளாகப் போய்ப் பேசுங்கள், எந்த விலை கேட்டாலும் சரி என்பார்கள், ஏன் என்று எனக்கும் தெரியவில்லை.

பாராட்டுகிறாராம்! பெரியவரைக் கையில் பிடித்தால் என்ன செய்வதென்று அன்றைக்கு எனக்கே தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை விடிவதற்குள் பதினான்கு மெசேஜ். எல்லாம் பாதி விலைக்கு. தேவகி குளித்துவிட்டு வந்து, திரி போட்டு, நிதானமாக விளக்கு ஏற்றினாள். எங்கள் வீட்டு விளக்குக்காகக் கடல் தாண்டிப் பதினான்கு பேர் காத்திருந்தது அவர்களுக்கே தெரியாது. அந்தப் பதினான்கும் நேற்றைய கணக்கில் போயின; விளக்கு ஏற்றிய அடுத்த நிமிஷம் இன்னும் இரண்டு மெசேஜ் ஒன்றாக வந்து விழுந்தன.

“ரெண்டும் போணிதான்,” என்றாள் தேவகி.

“ரெண்டு எப்படிடி போணி ஆகும்?”

“ரெட்டப் புள்ள பொறந்தா ஒண்ண வேணான்னு சொல்லுவியா?”

இரண்டு பேருக்கும் சரி என்று அடித்தேன்.

தம்பியின் திருட்டுப் போணி

ஒரு வாரம் காலையில் ஃபோனை அணைத்து வைத்துப் பார்த்தேன். “கதவ சாத்திக்கினு லட்சுமி வரலன்னு அழுவறியா?” என்று திறக்க வைத்துவிட்டாள். ஆளுக்கு ஒரு பாக்கெட்தான் என்று எழுதலாமா என்றேன். போணியில் கேட்டதைக் கொடுக்க வேண்டும், அரை வயிற்றுக்குச் சோறு போட்டு எழுப்பக் கூடாது என்றாள்.

பிறகு எனக்கு ஒரு யோசனை உதித்தது. என் தம்பி குமார் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். தேவகி விளக்கு ஏற்றியதும் அவனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். உடனே அவன் எங்கள் கடையில் முழு விலைக்கு ஒரு பாக்கெட் வாங்குவான். போணி முடிந்தது. அப்புறம் வருகிறவர்களிடம் நான் தாராளமாக விலை பேசலாம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஐந்து நாள் ஓடியது. ஆறாம் நாள் தேவகி கூரியர்காரனிடம் விலாசத்தை விசாரித்துவிட்டு வந்து கேட்டாள்.

“ஸ்ரீ சிட்டில எவன் அண்ணி தெனம் ஒரு பாக்கெட்டு தாண்ட்ரா துன்றான்? வயிறா இன்னா அது?”

மாட்டிக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை.

“போணி பண்றவன் மன்சார வாங்கணும் அண்ணி. உந்தம்பி உனக்கு பயந்துகினு வாங்கறான். அது போணி ஆவாது.”

அன்று சாயங்காலமே குமார் ஃபோன் செய்து, “அக்கா, தாண்ட்ராவ எறும்புக்கு வைக்கறேன், எறும்பே வேணான்னுது,” என்றான். திட்டத்தைக் கைவிட்டேன்.

அந்த ஒரு காலை

தேவகி முட்டாள் இல்லை. எந்தப் பழம் எத்தனை நாளில் கறுக்கும் என்பதும், எந்த லாரிக்காரன் பொய் சொல்கிறான் என்பதும் அவளுக்கு அத்துப்படி. போணி விஷயத்தில் மட்டும் ஏன் இப்படி என்று ஒரு நாள் கோபத்தில் கேட்டுவிட்டேன். அன்று பழம் நறுக்கிக்கொண்டிருந்தோம். கத்தியை நிறுத்தாமல் சொன்னாள்.

திருப்பதிக் கடையில் ஒரு காலை. வெளியூரிலிருந்து சாமி கும்பிட வந்த அம்மாள் ஒருத்தி ஒரு டஜன் வளையலைப் பாதி விலைக்குக் கேட்டாள். முந்தின நாள் வீட்டில் சண்டை, தேவகிக்குத் தலைவலி. “காலங்காத்தால வந்துட்ட, போ” என்று விரட்டிவிட்டாள். அந்த அம்மாள் வளையலைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பத்து மணிக்குச் செய்தி வந்தது. தேவகியின் புருஷன் சித்தூரிலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்தார். புத்தலப்பட்டு தாண்டி ஒரு லாரி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தேவையே இருக்கவில்லை.

“அந்த அம்மா மூஞ்சி கூட எனக்கு நெனப்பு இல்ல அண்ணி. எங்க போயி மன்னிப்பு கேப்பேன்?”

இரண்டுக்கும் என்னடி சம்பந்தம் என்று கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்து என்ன பயன்?

அன்றிலிருந்து போணியைப் பற்றி நான் கிண்டல் செய்ததில்லை.

எட்டுப் பேர் வந்தார்கள்

இப்போது மாடிக்கு வருவோம். ஃபோன் அவள் தலைப்புக்குள். எனக்கோ கோபம் தலைக்கு ஏறிவிட்டது. சிட்னிக்காரர் மேல் கோபம், ஹென்றி மேல் கோபம், அத்தனையையும் தேவகி மேல் கொட்டினேன்.

“சரின்னு எழுதிட்டு எட்டுப் பேருக்கு எதுலடி கூலி குடுப்பே? உன் லட்சுமி வந்து குடுப்பாளா?”

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. எங்கள் பெண்கள் வருகிற நேரம். ஒவ்வொருத்தியாகக் குழாயடியில் கை கழுவி, தலைக்கு வலைத் தொப்பி மாட்டினார்கள். ரமணம்மா தன் தொப்பியை மகளின் பள்ளிக்கூட ரிப்பன் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாள். அண்ணாந்து பார்த்து, “ஏங்க்கா, மேலயே நின்னுக்கினு இருக்கீங்க?” என்றாள். தேவகி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர்களையே பார்த்தாள்.

பிறகு ஃபோனை எடுத்து நீட்டினாள்.

“முடியாதுன்னு அடி. நம்ம வெல இன்னான்னும் அடி.”

அடித்தேன். அனுப்பப் போன என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ அமுக்காத. உனுக்கு புருசன் கீறான். நான் அமுக்கறேன். ஏற்கெனவே ஒரு தபா வேணான்னு சொன்னவதான நானு.”

ஃபோனை வாங்கினாள். அமுக்கினாள். விஷ்க் என்று சத்தம் வந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கூலியைப் பற்றி அப்படிக் கேட்ட வாயில் என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பைக் சாவி

அன்று பார்த்து என் வீட்டுக்காரர் செம்புக் கம்பி வாங்கத் திருப்பதிக்குப் போக வேண்டும். சட்டை மாட்டிக்கொண்டு பைக் சாவியைத் தேடுகிறார், காணோம். ஆணியில் இல்லை, டிவி மேல் இல்லை.

“எந்தச் சாவி?” என்று கேட்டாள் தேவகி, அரிசி களைந்துகொண்டே.

“ஏ தேவகி, வெளாடாத. நேரமாவுது.”

“பஸ்சுல போ அண்ணா. டிரைவர் பின்னாடி சீட்டுல ஒக்காராத. நடுவுல ஒக்காரு.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். முணுமுணுத்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போனார்.

அப்புறம் ஆரம்பித்தாள். காணிப்பாக்கம் தாண்டியாச்சா? புத்தலப்பட்டு தாண்டியாச்சா? எறங்கியாச்சா? நாலாவது ஃபோனில் அவர் பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியிருக்கிறார். அந்தக் கத்தலைக் கேட்டு அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது.

பதினோரு மணிக்கு சிட்னியிலிருந்து பதில் வந்துவிட்டது. படித்துவிட்டு நான் ஓடினேன்.

“தேவகி! அவரு என்ன எழுதியிருக்கார் தெரியுமா...”

கையை நீட்டித் தடுத்தாள்.

“இப்ப சொல்லாத. அண்ணன் வரட்டும்.”

“ஏய், நல்ல சேதிதான்டி!”

“எதுவா இருந்தாலும் அண்ணன் வரட்டும்.”

எங்கள் விலைக்கே ஒத்துக்கொண்டிருந்தார். மொத்தமும் வேண்டாமாம், முதலில் பாதி சரக்கு. விலை கேட்டுப் பார்ப்பது தன் வழக்கம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். அதை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு இருக்கிறதே! தட்டு திருப்பப் போனேன், லேபிள் ஒட்டினேன், இரண்டைத் தலைகீழாக ஒட்டினேன். தேவகி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. எட்டுப் பேருக்கும் மத்தியானச் சாப்பாட்டைப் பிரித்து வைத்தாள், தான் ஒரு பருக்கை தொடவில்லை.

நாலு மணிக்கு என் வீட்டுக்காரர் ஃபோன் அணைந்துவிட்டது. ஸ்விட்ச் ஆஃப், ஸ்விட்ச் ஆஃப் என்று ஒரு பொம்பளை தெலுங்கில் சொல்லிக்கொண்டே இருந்தாள். சார்ஜ் தீர்ந்திருக்கும் என்றேன். சொன்னது தேவகிக்கு இல்லை, எனக்கு. இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் பயம் வந்துவிட்டது. இரண்டு பேரும் வாசற்படியில் போய் உட்கார்ந்தோம். பெண்கள் வேலை முடிந்து கிளம்பினார்கள். ரமணம்மா என்ன ஏது என்று கேட்காமல் கொஞ்ச நேரம் எங்களோடு நின்றுவிட்டுப் போனாள்.

ஆறு மணி சுமாருக்குத் தெருமுனையில் அவர் தெரிந்தார். தோளில் கம்பிச் சுருள், சட்டையெல்லாம் வியர்வை. தூரத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டார்.

“நடுவுல ஒக்காருன்னா எவன் எடம் தரான்? பாகால வரைக்கும் நின்னுக்கினே வந்தேன்! சாவிய எங்கடி வச்ச?”

தேவகி எழுந்தாள். உள்ளே போய்த் தட்டு போட்டாள். அவருக்குச் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, அவர் இரண்டு வாய் சாப்பிடுவதை நின்று பார்த்தாள். அப்புறம் தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். வாயில் ஒரு கவளம் போன பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணன் வந்துடுச்சி. இப்ப சொல்லு அண்ணி, அந்த ஆளு இன்னா எழுதிக்கிறான்?”